மெயில் நின்றால் லைனைத் திட்டுவதற்கு முன்

மலையகத்தில் மெயில் போகவில்லை என்றால் முதல் பழி லைன்மேல்தான் விழும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் மரம் கரண்ட் கம்பியில் சாய்வது சாதாரணம். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் முழுசாகக் காட்டும். ஒரு வளைவு திரும்பினால் ஒன்றுமே இருக்காது. அதனால் அவுட்லுக்கில் 'சேர்வரோடு இணைக்க முடியவில்லை' என்று வந்ததுமே ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், கம்பனிக்குப் போன் எடுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள், அப்புறம் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் அதே மேசையில் வட்ஸ்அப் ஓடுகிறது, பத்திரிகை திறக்கிறது, யூடியூப் தடங்காமல் பாடுகிறது, மெயில் மட்டும் இல்லை என்றால், பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஹட்டனில் போட்டோகொப்பி, பிரின்ட், ரிப்பேர் என்று சின்னக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆபீஸ்கள், தேயிலைத் தொழிற்சாலைகள், எல்ல, பண்டாரவளைப் பக்கம் சில தங்குவிடுதிகள் என்று போய்ப் பார்த்ததில், லைன் நன்றாக இருந்தும் மெயில் நின்ற இடங்களில் அடிக்கடி கண்ட காரணம் கணினிக்குள்ளேயே இருந்த அன்டிவைரஸ்தான். இல்லாவிட்டால் அதோடு சேர்ந்து வந்த, இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வோல். காவலுக்கு வைத்ததே வழியை மறித்துக்கொண்டு நிற்கும், ஆனால் வாயைத் திறந்து சொல்லாது.

'இந்தக் காலத்திலும் அவுட்லுக், தண்டர்பேர்டு என்று கணினியில் மெயிலுக்குத் தனி மென்பொருள் யார் வைத்திருக்கிறார்கள்?' என்று கொழும்பில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். கம்பனிப் பெயரில் முகவரி, பல வருடக் கடிதங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும், கரண்ட் வந்து லைன் வராத நேரத்திலும் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கலாம். கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. தரகர் ஆபீசுக்கும் பெக்டரிக்கும் இடையில் காலையில் போக வேண்டிய மெயில் காலையிலேயே போயாக வேண்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த நோயின் முழு லட்சணமும் அதில் இருக்கிறது. பெரிய கிளாக்கர் ஐயா போன் எடுத்தார்.

"தம்பி, காலையில இருந்து ஒரு மெயிலும் வரல்ல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. லைன்காரங்க வந்து பாத்துட்டு லைன் நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. தொரை வேற கேட்டுக்கிட்டே இருக்காரு."

"நேத்து கம்பியூட்டர்ல புதுசா ஏதாவது போட்டீங்களா ஐயா?"

"நான் ஒன்னும் போடல்ல. அதுவா என்னமோ அப்டேட்டுன்னு கேட்டிச்சு. சரின்னு அமத்தினேன்."

அந்த 'சரின்னு அமத்தினேன்' போதும், பாதி விஷயம் விளங்கிவிடும். போய்ப் பார்த்தால் தண்டர்பேர்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது: இந்தச் சேர்வரின் சான்றிதழ் நம்பத்தக்கது இல்லை, விலக்குச் சேர்க்கவா என்று. சான்றிதழ் என்பது அந்தச் சேர்வரின் அடையாளச் சீட்டு. கீழே உறுதிப்படுத்தும் பட்டன். அவசரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் அமத்துவார்கள். அதற்கு முன், அதே பெட்டியில் சான்றிதழைப் பார்க்கும் பட்டன் ஒன்று இருக்கும், அதைத் திறந்து 'வழங்கியவர்' என்ற வரியைப் படிக்க வேண்டும். ஜிமெயில் கணக்கு என்றால் அங்கே கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்ற பெயர் இருக்க வேண்டும். கிளாக்கர் ஐயாவின் திரையில் இருந்ததோ அன்டிவைரஸ் கம்பனியின் பெயர்.

நடப்பது இதுதான். தோட்டத்துக் கேட்டில் இருக்கும் வாட்சர், வருகிற தபாலையெல்லாம் பிரித்து, உள்ளே வெடிமருந்து ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டித் தன் முத்திரையைக் குத்தி உள்ளே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் கடிதம் வாங்குகிறவர் அனுப்பியவரின் முத்திரையைத் தேடுவார்; வாட்சரின் முத்திரையைப் பார்த்தால் 'இது யார் கை வைத்த கடிதம்?' என்று திருப்பிவிடுவார். மெயில் இப்போது பூட்டிய பாதையில் வருகிறது. அதற்குள் வைரஸ் பார்க்க வேண்டுமானால் அன்டிவைரஸ் நடுவில் புகுந்து பூட்டைத் திறந்து, தன் சொந்தச் சான்றிதழால் மறுபடி பூட்டித்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அன்டிவைரஸ் தன் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவைக்கும். அவுட்லுக் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது, அதனால் மறுப்பேதும் சொல்லாது. தண்டர்பேர்டு தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அன்டிவைரஸ் அங்கேயும் தன் பெயரைச் சேர்க்கத் தவறினாலோ, அப்டேட்டில் புதிய சான்றிதழை உருவாக்கிக்கொண்டாலோ, தண்டர்பேர்டு கதவைச் சாத்திவிடும். ஒரே கணினியில் ஒன்று ஓடும், மற்றது ஓடாது. இதை வைத்து 'தண்டர்பேர்டு பழுது' என்று முடிவு கட்டிவிட்டு அதை அழித்துப் போடுகிறவர்களும் உண்டு. அழித்துப் போட்டாலும் நடுவில் நிற்கிறவர் நடுவிலேயேதான் நிற்பார்.

அன்றைக்குச் செய்த வைத்தியம் சின்னது. அன்டிவைரஸின் செட்டிங்கில் மெயிலைப் பார்க்கும் பகுதியை மட்டும் அணைத்தேன். ஒவ்வொன்றிலும் இதற்கு ஒவ்வொரு பெயர்: மெயில் ஷீல்ட், ஈமெயில் புரொடெக்‌ஷன், எஸ்எஸ்எல் ஸ்கேனிங், என்கிரிப்டட் கனெக்‌ஷன் ஸ்கேன். பதிப்புக்குப் பதிப்பு இடமும் மாறும், தேடும் பெட்டி இருந்தால் 'எஸ்எஸ்எல்' என்று அடித்துத் தேடுவது சுலபம். சில மென்பொருள்களில் மெயில் ஸ்கேனை வைத்துக்கொண்டே பூட்டிய இணைப்பைத் திறப்பதை மட்டும் நிறுத்தலாம், அதுவும் போதும். பிறகு தண்டர்பேர்டு செட்டிங்கில் பிரைவசி பகுதிக்குப் போய், சான்றிதழ்களை நிர்வகிக்கும் இடத்தில் 'சேர்வர்ஸ்' என்ற தட்டில் முன்பு யாராவது அவசரத்தில் சேர்த்துவைத்த விலக்குகள் இருந்தால் நீக்கிவிட வேண்டும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் நேற்றைய மெயிலிலிருந்து வரிசையாக இறங்கத் தொடங்கியது.

அந்த விலக்குப் பட்டனை ஏன் அமத்தக் கூடாது என்று கிளாக்கர் ஐயாவே கேட்டார். நியாயமான கேள்வி, அமத்தியிருந்தால் மெயில் வந்திருக்குமே? வந்திருக்கும். ஆனால் நிஜமாகவே ஒரு திருடன் நடுவில் உட்கார்ந்தாலும் இதே பெட்டிதான் வரும். ஒருமுறை அமத்திப் பழகிய கை அன்றைக்கும் அமத்தும். வழங்கியவர் பெயரைப் படிக்காமல் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். விடுதி வைஃபையில் இருக்கும்போது இந்தப் பெட்டி வந்தால் மெயிலை மூடிவிட்டு எழும்பிப் போவதே நல்லது.

எல்லா வழக்கும் இப்படிப் பெயர்ப்பலகையோடு வருவதில்லை. பெரும்பாலும் 'நேரம் கடந்துவிட்டது', 'இணைப்புத் துண்டிக்கப்பட்டது' என்று பொதுவாகத்தான் சொல்லும். அங்கே காரணத்தைப் பிரித்தெடுக்க ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் பிரவுசரில் அந்த மெயில் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே புது மெயில் தெரிந்தால் கணக்கும் சேர்வரும் நலம். அடுத்து, கணினியை ரவுட்டரிலிருந்து விலக்கி உங்கள் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். அதிலும் அதே பிழை என்றால் ரவுட்டரையும் லைனையும் விட்டுவிடலாம். ஹொட்ஸ்பொட்டில் ஓடினால் மட்டும் லைன்காரருக்குப் போன் எடுங்கள். இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

கொஞ்சம் துணிந்தவர்கள் விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லைத் திறந்து 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையை மெயில் சேர்வர் பெயரோடும் போர்ட் எண்ணோடும் (சேர்வரின் வாசல் எண்) கொடுத்துப் பார்க்கலாம். மெயில் வாங்க ஐமேப் (கடிதம் சேர்வரிலேயே இருக்கும் முறை) என்றால் 993, பொப் (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் 995. அனுப்ப 465 அல்லது 587. கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. வாசல் திறந்திருந்தும் அவுட்லுக் மட்டும் போக முடியவில்லை என்றால் அதுவே பெரிய துப்பு. ஃபயர்வோல் விதி மென்பொருளுக்கு மென்பொருள் தனித்தனியாக இருக்கும். பவர்ஷெல்லை விட்டுவிட்டு அவுட்லுக்கை மறிப்பது அதற்குச் சர்வசாதாரணம்.

எண்ணைப் பார்க்கும்போதே பூட்டின் வகையையும் பார்த்துவிடுங்கள். 993, 995, 465 மூன்றுக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587க்கு ஸ்டார்ட் டிஎல்எஸ். மாற்றிப் போட்டிருந்தால் அன்டிவைரஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய கணினிகளில் இன்னொரு விசித்திரம் காணலாம்: மெயில் சேர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 127.0.0.1 என்று இருக்கும். அது அந்தக் கணினியின் சொந்த முகவரி. எப்போதோ இருந்த ஒரு பழைய அன்டிவைரஸ், மெயில் எல்லாம் தன் வழியாகப் போகட்டும் என்று மாற்றிவைத்துவிட்டுப் போனது. அது அழிந்து போயிற்று, அதன் முகவரி மட்டும் தங்கிவிட்டது. சரியான சேர்வர் பெயரை எழுதிப் போர்ட்டையும் திருத்தினால் சரி.

இப்போது எல்லோரும் செய்யும் சோதனைக்கு வருவோம். வலது மூலையில் இருக்கும் அன்டிவைரஸ் குறியை வலக் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுப்பது. 'அன்டிவைரஸை நிப்பாட்டிப் பார்த்துட்டேன் அண்ணே, அப்பவும் வரல்ல, அதனால அது இல்ல' என்று உறுதியாகச் சொல்வார்கள். அந்தச் சோதனை முக்கால்வாசி பொய். 'டிஸேபிள்' கொடுத்தால் கோப்புகளைப் பார்க்கும் பகுதி நிற்கும். பிணைய இணைப்பின் ஓரத்தில் விண்டோஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வடிகட்டி பல மென்பொருள்களில் கழலாது. அணைத்தும் ஓடவில்லை என்பது அன்டிவைரஸ் நிரபராதி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

உண்மையான சோதனை, விண்டோஸை இணைய வசதியோடு சேஃப் மோடில், அதாவது தேவையானதை மட்டும் ஏற்றும் நிலையில், எழுப்புவது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி எழும்பியதும் 5ஐ அழுத்த வேண்டும். வெளியிலிருந்து போட்ட காவலர்கள் அங்கே பெரும்பாலும் எழும்ப மாட்டார்கள். டொங்கிள், வைஃபை இரண்டும் அந்த நிலையில் சில வேளை அடம்பிடிக்கும், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டுக்கு இந்தச் சோதனை நன்றாக ஒத்துவரும். புதிய அவுட்லுக் பதிப்புகள் சேஃப் மோடில் சில நேரம் திறக்கவே மாட்டா. சேஃப் மோடில் மெயில் இறங்கி, சாதாரணமாக எழும்பினால் நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி உள்ளே இருப்பவர்தான், இனி லைனைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவுட்லுக்குக்குத் தனியாக ஒரு சேஃப் மோட் உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அவுட்லுக்கைத் திறந்தால் கேட்கும். அன்டிவைரஸ்கள் அவுட்லுக்குக்குள் செருகிவைக்கும் 'அட்-இன்' துண்டுகளால் அது திறக்கும்போதே உறைந்துபோகிறதா என்று பார்க்க அது உதவும்.

அடுத்த வகை, ஒரே கணினியில் இரண்டு காவலர்கள். புது மடிக்கணினி வாங்கும்போது சில மாத இலவசக் காலத்தோடு ஓர் அன்டிவைரஸ் உள்ளேயே இருக்கும். காலம் முடிந்ததும் சிவப்புக் கொடி காட்டும். அதை நீக்காமல், தெரிந்த ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்த இன்னொன்றைப் போடுவார்கள். இரண்டும் ஒரே இணைப்பின் நடுவில் கை வைக்கும். ஒன்று பூட்டியதை மற்றது திறக்கப் பார்க்கும். கணினி ஆமை வேகம், மெயில் நினைத்தால் வரும் நினைத்தால் வராது. காலம் முடிந்தது வேலை செய்யாது என்று நினைப்பது தவறு. வைரஸைப் பிடிக்காமல் போகலாம், வழியை மறிக்கும் துண்டு அப்படியே இருக்கும்.

கன்ட்ரோல் பெனலில் 'அன்இன்ஸ்டோல்' கொடுத்தால் முழுக்கப் போகும் என்றும் நம்ப வேண்டாம். பெரிய அன்டிவைரஸ் கம்பனிகள் பெரும்பாலும் தங்கள் பொருளைத் துப்புரவாக நீக்கத் தனிக் கருவி ஒன்றை இலவசமாகக் கொடுக்கின்றன. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். அதே பெயரில் விளம்பரத்தோடு வரும் போலிகள் நிறைய. முதலில் சாதாரணமாக நீக்கி, பிறகு அந்தக் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் கொடுத்து, அதன்பின் வேண்டுமானால் ஒன்றை மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால் தோட்டத்து ஆபீஸ் கணினிக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். வேறு அன்டிவைரஸ் போகும்போது அது தானாக விழித்துக்கொள்ளும், மெயில் இணைப்பின் பூட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமும் அதற்கு இல்லை. காசு கொடுத்து வாங்கியதை வைத்திருக்கத்தான் வேண்டும் என்று கம்பனி சொன்னால் அதுவும் சரி, மெயில் பகுதியை மட்டும் அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஃபயர்வோல் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெயில் வரவில்லை என்றதும் விண்டோஸ் ஃபயர்வோலை முழுக்க அணைத்துவிடுவது ஒரு கெட்ட பழக்கம், பலனும் இல்லை. வெளியிலிருந்து தானாக வருவதைத்தான் அது இயல்பாக மறிக்கும். நீங்கள் உள்ளிருந்து வெளியே போவதை, யாரும் தனியாக விதி போடாதவரை, விட்டுவிடும். மெயில் வாங்குவதும் அனுப்புவதும் இரண்டுமே உங்கள் கணினி வெளியே போய்த் தொடங்கும் இணைப்புத்தான். வெளியே போவதை ஒவ்வொரு மென்பொருளாகக் கேட்டுக் கேட்டு விடுவது அன்டிவைரஸ் பொதியோடு வரும் ஃபயர்வோல். அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ அப்டேட் ஆனதும் 'இது புதிய ஆள்' என்று அது மறுபடி கேட்கும். மூலையில் எட்டிப் பார்க்கும் அந்தப் பெட்டிக்கு யாராவது 'பிளொக்' கொடுத்துவிட்டால் அன்றோடு மெயில் நின்றுவிடும், கொடுத்தவருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தப் பொதியின் ஃபயர்வோல் பட்டியலைத் திறந்து மெயில் மென்பொருளின் பழைய விதியை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாகக் கேட்கும், அப்போது அனுமதி கொடுத்தால் போதும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு பெக்டரியில் முறைப்பாடு தலைகீழ். மெயில் போகிறது, அளவுக்கு மீறிப் போகிறது. பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் அனுப்பிய ஒரே கடிதம் கொழும்பில் பல தடவை போய் விழுந்திருக்கிறது. 'ஏன் இத்தனை தரம் அனுப்புறீங்க?' என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். இவருடைய திரையிலோ 'அனுப்ப முடியவில்லை' என்று கடிதம் அவுட்பொக்சிலேயே கிடக்கிறது. லைன் மெதுவானது, கடிதத்தோடு சேர்த்தது பெரிய படங்கள். அவுட்லுக் கடிதத்தை அன்டிவைரஸிடம் கொடுக்கிறது. அது முழுக்க வாங்கி ஆராய்ந்து, பிறகு மெதுவான லைனில் சேர்வருக்குத் தள்ளுகிறது. சேர்வர் 'கிடைத்தது' என்று சொல்லும் பதில் திரும்பி வருவதற்குள் அவுட்லுக் பொறுமை இழந்து இணைப்பை வெட்டிவிடுகிறது. கடிதம் போய்ச் சேர்ந்தது அதற்குத் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்புகிறது.

இதற்கு வெளியே போகும் மெயிலை ஸ்கேன் பண்ணுவதை நிறுத்தினாலே பெரும்பாலும் தீரும். கூடவே, பழைய பாணி அவுட்லுக்கில் கணக்கின் 'மோர் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்ட்' தட்டில் 'சேர்வர் டைம்அவுட்' என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. அது 1 நிமிடத்தில் நிற்கும். 10 நிமிடம் வரை தள்ளலாம். மெதுவான லைன் உள்ள இடங்களில் 5க்குக் குறையாமல் வைப்பேன். மெயிலில் இணைக்கும் கோப்பு பயணத்தின்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 9 எம்பி படம் 12 எம்பியாகத்தான் போகும். போனில் எடுத்த படத்தை அப்படியே தூக்கி வைக்காமல் சுருக்கி அனுப்பினால் லைனுக்கும் நல்லது, வாங்குகிறவருக்கும் நல்லது.

இனிச் சொல்லப் போவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். மற்றதெல்லாம் மெயில் தாமதம். இது மெயிலே காணாமல் போவது. தண்டர்பேர்டு ஒரு கோப்புறைக் கடிதங்கள் அத்தனையையும் இயல்பாக ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. இன்பொக்ஸில் ஆயிரக்கணக்கில் கடிதம் இருந்தாலும் வட்டில் அது ஒரே கோப்பு. அதில் ஒரு கடிதத்தில் வைரஸ் இருப்பதாக அன்டிவைரஸ் கண்டால், அதன் கண்ணுக்குக் கோப்பு முழுக்கவே நோயாளி. தூக்கிக் கொண்டுபோய்த் தனிமைப்படுத்திவிடும். பண்டாரவளையில் ஒரு விடுதியில் அப்படித்தான் நடந்தது. காலையில் திறந்தால் இன்பொக்ஸ் வெறுமை. முன்பதிவுக் கடிதங்கள், முற்பணம் கட்டிய விபரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பொப் கணக்கு வேறு, சேர்வரில் பிரதி இல்லை.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதது, அன்டிவைரஸ் 'அழிக்கவா' என்று கேட்டால் 'ஆம்' என்பது. தண்டர்பேர்டை உடனே மூட வேண்டும். அன்டிவைரஸின் 'குவாரன்டைன்' பகுதியைத் திறந்து, பெரிய அளவில் 'இன்பொக்ஸ்' என்று கிடக்கும் கோப்பைப் பழைய இடத்துக்கே திருப்பிப் போட்டு, அதன்பின் திறக்க வேண்டும். விடுதிக்காரருக்கு அப்படித்தான் எல்லாம் திரும்பக் கிடைத்தது. ஐமேப் என்றால் இவ்வளவு பதற்றம் வேண்டாம், சேர்வரிலிருந்து மறுபடி இறங்கும், டேட்டாதான் செலவு.

திரும்ப வராமலிருக்க இரண்டு காரியம். அன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையைச் சேர்ப்பது. அது எங்கே என்று தெரியாவிட்டால் உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் கோப்புறையைத் திறக்கும் பட்டன் இருக்கிறது. அடுத்தது, தண்டர்பேர்டு செட்டிங்கின் பிரைவசி பகுதியில், வரும் கடிதங்களைத் தனித்தனியாகத் தனிமைப்படுத்த அன்டிவைரஸை அனுமதிக்கும் டிக்கைப் போடுவது. அப்போது கெட்ட கடிதம் ஒன்றுதான் போகும். சிலர் 'அந்த வைரஸ் கடிதத்தை நான் அழிச்சிட்டேன், இன்னும் கத்துது' என்பார்கள். அழித்த கடிதம், கோப்பைச் சுருக்கும் 'கொம்பெக்ட்' கொடுக்கும்வரை அந்தக் கோப்புக்குள்ளேயே கிடக்கும். கொடுத்ததும் கத்தல் நிற்கும்.

அன்டிவைரஸை இவ்வளவு சொன்னதால், அது செய்யாத குற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் அடிக்கடி போய் வரும் எங்கள் ஊரில் பழைய டெஸ்க்டொப்களின் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் கணினியின் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் திகதியில் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. அன்டிவைரஸ் நடுவில் புகுந்தபோது வந்த அதே மாதிரிப் பெட்டி வரும். எதையும் தொடுவதற்கு முன் வலது மூலையில் திகதியைப் பாருங்கள்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவும் வேறு வியாதி. 2022 மே 30க்குப் பிறகு சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்குள் வெறும் பாஸ்வேர்டோடு வெளி மென்பொருள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. கூகுள் பக்கத்தின் வழியே உள்நுழைய வேண்டும், அல்லது இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு 'அப் பாஸ்வேர்ட்' எடுக்க வேண்டும். ஹொட்மெயில், அவுட்லுக் டொட் கொம் கணக்குகளுக்கு மைக்ரோசொப்ட் இதையே 2024 செப்டெம்பர் 16 முதல் செய்தது. விண்டோஸோடு வந்த பழைய 'மெயில்' செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு அன்டிவைரஸோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. 25ஆம் போர்ட்டில் அனுப்பப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பாம் தடுக்கப் பல இணையக் கம்பனிகள் அதை அடைத்து வைத்திருக்கும், 587க்கு மாறுங்கள்.

மெயில் ஸ்கேனை அணைத்தால் வைரஸ் வந்துவிடாதா என்று கேட்காத ஆள் இல்லை. கடிதம் பெரும்பாலும் சேர்வரிலேயே ஒருமுறை பார்க்கப்பட்டுத்தான் வருகிறது. கடிதத்தோடு வந்த கோப்பைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ, கோப்பைப் பார்க்கும் காவல் பிடித்துக்கொள்ளும். அதை ஒருபோதும் அணைக்க வேண்டாம். சந்தேகம் தீர ஐகார் என்ற சோதனைக் கோப்பு உண்டு. வெறும் 68 எழுத்துகள், யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் அநேகமாக எல்லா அன்டிவைரஸும் அதை வைரஸாகப் பாவிக்க ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதைச் சேமித்துப் பார்த்துக் காவல் கத்துகிறதா என்று வாடிக்கையாளர் முன்னாலேயே காட்டிவிடுவேன், பேச்சு முடிந்துவிடும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று வரும் மோசடிக் கடிதத்தை மட்டும் எந்த ஸ்கேனும் நம்பகமாகப் பிடிக்காது. அதற்குத் தெரிந்த நம்பருக்குப் போன் எடுத்துக் கேட்பது ஒன்றே வழி.

கடைசியாக ஒன்று. அன்டிவைரஸ் பெரிய பதிப்புக்கு மாறும்போது நீங்கள் அணைத்து வைத்ததை மறுபடி போட்டுவிடக்கூடும். புதிதாகப் போடும்போது 'கஸ்டம்' முறையைத் தெரிந்தெடுத்து மெயில் பகுதியின் டிக்கை எடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். போகிற இடமெல்லாம் மொனிட்டரின் பின்பக்கம் ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிட்டு வருகிறேன்: எந்த அன்டிவைரஸ், அதில் எது அணைக்கப்பட்டிருக்கிறது, மெயில் சேர்வர் பெயர், போர்ட் எண்கள், திகதி. பாஸ்வேர்ட் மட்டும் எழுதுவதில்லை. அப்டேட்டுக்கு அடுத்த நாள் மெயில் நின்றால் அந்தத் தாளில் இருக்கும் இரண்டாவது வரியை முதலில் பாருங்கள்.